சிறுநகர் நோக்கி

ஓய்வு பெற்றோர் பலரைப் போலவே நாங்களும், சென்னையை விட்டுச் சிறுநகர் ஒன்றில் குடியேறலாமா என்று சில திங்களாக எண்ணி வருகின்றோம். உறவினர் சிலர் வாழும் திண்டுக்கல்லே எங்கள் நாட்டம். ஆனால், எங்களுக்குள்ள உடைமை அடுக்ககத்தில் ஒரு சிறு வீடு மட்டுமே. அதை விற்ற பின் மனம் மாறினால், மீண்டும் சென்னையில் ஒரு வீடு வாங்க இவ்வயதில் இயலாது. ஆகவே ஆசையைச் சற்று ஒதுக்கிவிட்டுக் கணக்கைக் கையில் எடுத்தோம்.

தரகர் காட்டிய தனி வீட்டின் விலை 40 இலட்சம். "இந்தப் பணத்துக்குச் சென்னையில் என்ன கிடைக்கும் ஐயா?" என்றார். நியாயமான கேள்வியே. எனினும் விலையோடு செலவு முடிந்துவிடுவதில்லை. கிரயப் பத்திரத்திற்கு முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு. பதிவுக் கட்டணம், 2023இல் குறைக்கப்பட்ட பின்னரும், 2 விழுக்காடு. ஆக 3,60,000 ரூபாய் அங்கேயே கரைந்துவிடும். தரகும் பழுதுபார்ப்பும் வேறு.

அதே தெருவில், ஏறத்தாழ அதே அளவுள்ள வீட்டின் வாடகை 10,000 ரூபாய். ஆண்டுக்கு 1,20,000, அதாவது விலையில் 3 விழுக்காடு. 40 இலட்சத்தை வங்கியில் இட்டால் வட்டி அதைவிட மிகுதி. வாடகை வீண்செலவு என்று பிறர் கூறக் கேட்டே வளர்ந்த எங்களை இக்கணக்கு வியப்பில் ஆழ்த்தியது.

தென்மாவட்டங்களில் ஒத்தி என்றொரு வழக்கமும் உண்டு. பெருந்தொகையை வீட்டுக்காரரிடம் கொடுத்து வாடகையின்றிக் குடியிருக்கலாம். காலி செய்கையில் தொகை திரும்ப வரும். திரும்ப வருமா என்பதுதான் கேள்வி. வாங்கிய பணத்தை அவர் செலவிட்டிருந்தால், அடுத்த ஒத்திக்காரர் வரும்வரை நாம் காத்திருக்க வேண்டும். அத்தகைய காத்திருப்புக்கு முதுமை ஏற்றதன்று.

இன்னொன்றையும் உணர்ந்தோம். சிறுநகரில் வாங்குவது எளிது, விற்பது கடினம். வாங்குவோர் சிலரே. வில்லங்கச் சான்றும் பட்டாவும் சரியாக இருப்பினும், நல்ல விலை வரும்வரை ஆண்டுக்கணக்கில் வீடு பூட்டிக் கிடக்கலாம்.

பத்திரம் சொல்லாதவையும் உள. கோடையில் குடிநீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது? கிணற்று நீர் உப்பா, நன்னீரா? தோல் பதனிடும் தொழில் நெடுங்காலமாக நடந்துவரும் ஊரில் இது வெறும் கேள்வியன்று. இவற்றைத் தரகரிடம் கேட்பதை விட அண்டை வீட்டாரிடம் கேட்பதே தகும். எங்களுள் ஒருவர் திங்கள்தோறும் இதய மருத்துவரைக் காண வேண்டியவர். இரவில் நெஞ்சு வலித்தால் எத்தனை நிமிடத்தில் மருத்துவமனை சேரலாம் என்பதும் வீட்டு விலையின் ஒரு பகுதியே.

இறுதியில் ஒரு முடிவுக்கு வந்தோம். சென்னை வீட்டை விற்காமல் வாடகைக்கு விடுவது. அவ்வாடகையைக் கொண்டு திண்டுக்கல்லில் ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் குடியிருந்து பார்ப்பது. துணிவற்ற முடிவு என்பர் சிலர். திரும்பி வரும் வழியை அடைக்காமல் புறப்படுவதே எங்களுக்கு இயன்ற துணிவு. மலிவான வீடு எது என்று தேடத் தொடங்கிய நாங்கள், எஞ்சிய நாள்களை அச்சமின்றிக் கழிக்கும் இடம் எது என்று இப்போது தேடுகின்றோம்.