நாழிகை வழி

புதுச்சேரி விமான நிலையத்துக்கும் ராஜமுந்திரி விமான நிலையத்துக்கும் இடையே வான்வழித் தூரம் ஏறக்குறைய 610 கிலோமீட்டர். நேர் விமானம் கிடையாது. ஹைதராபாத் போய் மாறவேண்டும். அப்போது பறக்கும் தூரமே 960 கிலோமீட்டரைத் தொடுகிறது. மாறுவதற்காகக் காத்திருக்கும் நேரம் தனி. லாசுப்பேட்டையின் 1500 மீட்டர் ஓடுபாதைக்கு ஏ.டி.ஆர். மாதிரிச் சிறிய விமானம்தான் சரிப்படும். அது மணிக்குச் சுமார் 500 கிலோமீட்டர் போகும். நேராகப் பறந்தால் ஒன்றரை மணி நேர விஷயம்.

ராஜமுந்திரி, ஏனாமுக்குப் போக இறங்கும் இடம். ஏனாமும் திருவாண்டார்கோயிலும் ஒரே அரசாங்கத்தின் கீழ் இருக்கின்றன. 1954இல் பிரெஞ்சுக்காரர்கள் கைவிட்டுப்போன துண்டுகள். துண்டுபட்டிருப்பது எங்களுக்குப் புதிதல்ல. எங்கள் ஊரிலிருந்து புதுச்சேரி போகும் பஸ்ஸே கண்டமங்கலத்தில் தமிழ்நாட்டுக்குள் புகுந்து, அரியூரில் மறுபடி எங்கள் பிரதேசத்துக்கு வருகிறது. ஆனால் ஏனாமுக்கு மாறுதல் உத்தரவு வந்தால் வீட்டில் அன்று யாருக்கும் சோறு இறங்காது.

என் தம்பி அங்கே வேலையில் இருக்கிறான். 2024 ஆகஸ்டில் அம்மா இறந்தபோது புதுச்சேரியில் விமானமே இல்லை. டிசம்பரில்தான் மறுபடி வந்தது. விடியற்காலை மூன்று மணிக்குப் போன் செய்தேன். ஒரே அழைப்பில் எடுத்தான். குரலுக்கு அது கூப்பிடு தூரம்தான். விமான நிலையம் போய், இடம் கிடைத்து, சென்னையில் இறங்கி, அங்கே கார் பிடிப்பதெல்லாம் நிச்சயமில்லை என்று சாலைவழியே புறப்பட்டான். சுமார் 800 கிலோமீட்டர்.

பொழுது சாய்ந்தபின் எடுப்பதில்லை என்பது எங்கள் பக்கத்து வழக்கம். பந்தலில் பெரியப்பா மணிக்கொருதரம் கேட்டுக்கொண்டிருந்தார்: "சின்னவன் எங்க வர்றான்?" ஓங்கோல் என்றேன். நெல்லூர் என்றேன். அந்த ஊர்களை அறியாதவர்களும் தலையாட்டினார்கள். திண்டிவனம் என்றதும்தான் பந்தல் மூச்சுவிட்டது. அவன் வந்து இறங்கியபோது தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. பெரியப்பா மேற்கே ஒருதரம் பார்த்தார். "இன்னும் பொழுது இருக்கு, பாத்துட்டு வரட்டும்" என்றார். ஒருவரும் மறுக்கவில்லை.

கால அட்டவணையின் பயண நேரம் என்பது, ஓரிடத்தில் சக்கரத்துக்கு அண்டை கொடுத்த கட்டையை எடுப்பதில் தொடங்கி, மற்றோரிடத்தில் கட்டையை வைப்பதில் முடிகிறது. எந்திரத்தின் வாழ்க்கைக்கு அது போதுமான கணக்கு. நம்மிடம் நாழிகை வழி என்றொரு அளவை இருந்தது. நாழிகை 24 நிமிஷம். அதற்குள் ஒருவன் நடக்கும் தூரம் நாழிகை வழி. காலத்தையும் தூரத்தையும் பிரிக்காத சொல். இரண்டையும் சேர்த்துப் பிடித்திருந்தது நடப்பவனின் கால். அவனை எடுத்துவிட்டால் மிஞ்சுவது இரண்டு எண்கள்: 610 கிலோமீட்டர், ஒன்றரை மணி. இரண்டும் சரியானவை. எங்கள் பந்தலில் அன்று உட்கார்ந்திருந்த எவருக்கும் அவற்றால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

காத்திருப்பவர்களையும் சேர்த்து அளக்கிற ஒரு சொல் நாழிகை வழிக்குப் பிறகு தமிழில் உண்டாகவில்லை. கிலோமீட்டரை வாங்கிக்கொண்டோம். பெரியப்பா மட்டும் அன்றைக்கு ஊர்ப்பெயர்களால் அளந்துகொண்டிருந்தார். அளவு போதாதபோது பொழுதைக் கொஞ்சம் நீட்டிக்கொண்டார்.