ஆறாம் வேற்றுமையும் ஒரு தரவுத்தளப் பிழையும்

பெங்களூருப் பகுதித் தமிழ்க் கல்வெட்டுகளின் மொழிவடிவங்களை ஆராய, முன்னர் ஒரு குழு ஜாங்கோவில் உருவாக்கிய தரவுத்தளத்தைப் பயன்படுத்திவருகிறேன். அதன் அடிப்படை, பி. எல். ரைஸ் 1905இல் வெளியிட்ட எபிகிராஃபியா கர்நாட்டிகா 9ஆம் தொகுதி.

டொம்லூர்ச் சொக்கநாதசுவாமி கோயில் கல்வெட்டுகளில் அவ்வூர் தொம்பலூர் எனவும் தேசிமாணிக்கப்பட்டணம் எனவும் வழங்கப்படுகிறது. தரவுத்தளத்திலோ இவை இரண்டு ஊர்கள். இரட்டிப்பை நீக்க முனைந்தபோது, மேலாண்மைப் பக்கம் உறுதி கேட்டு, உடன் அழியவிருப்பவற்றைப் பட்டியலிட்டது: அவ்வூரோடு இணைந்த கல்வெட்டுகள், அவற்றின் வரிகள், அவ்வரிகளுக்கு நான் ஓராண்டாக எழுதிவரும் இலக்கணக் குறிப்புகள். பொத்தானிலிருந்து கையை எடுத்துக்கொண்டேன்.

ஒரு பதிவு நீங்கினால் அதைச் சார்ந்தவை என்னவாகும் என்பதை ஒவ்வோர் இணைப்பிலும் வெளிப்படையாக எழுதவேண்டும் என்பது, 2017 டிசம்பரில் வந்த ஜாங்கோ 2.0இன் விதி. அதற்குமுன், எழுதாவிடில் 'காஸ்கேட்', அதாவது உடனழிதல், என்றே கொள்ளப்பட்டது. இந்த நிரலைப் புதுப்பித்தவர்கள் எல்லா இணைப்புகளிலும் அதையே நிரப்பியிருந்தனர். நிரல் ஓடியது, யாரும் கவனிக்கவில்லை.

இலக்கணம் பயின்றவர்க்கு இது பழகிய இடம். ஆறாம் வேற்றுமையின் கிழமைப்பொருளை நன்னூலார் தற்கிழமை, பிறிதின்கிழமை எனப் பிரிக்கிறார். கல்வெட்டினது வரி உறுப்புத் தற்கிழமை. கல்வெட்டுப் பதிவு நீங்கின் வரிக்குத் தனியிருப்பு இல்லை. அங்கே காஸ்கேட் பொருந்தும். ஊரினது கல்வெட்டு பிறிதின்கிழமை. கல்லைப் பெயர்த்து அருங்காட்சியகத்தில் வைக்கிறார்கள், ஊரின் பெயர் மாறுகிறது, ஊரே நகரத்துக்குள் கரைகிறது, கல்வெட்டு இருக்கிறது. இரண்டு உறவுகளுக்கும் நிரலில் ஒரே சொல் இருந்ததுதான் பிழை.

'செட் நல்' எனும் மாற்று எளிது; ஆனால் ஊர் தெரியாத கல்வெட்டு வட்டார வழக்கு ஆய்வுக்கு ஏறத்தாழப் பயனற்றது. ஆகவே 'புரொடெக்ட்' இட்டேன்: கல்வெட்டு எஞ்சியிருக்கும்வரை ஊரை நீக்கமுடியாது. பின் ஊர்ப்பெயர்களுக்குத் தனி அட்டவணை அமைத்து, இரு பெயர்களையும் ஒரே ஊரோடு இணைத்து, கல்வெட்டுகளை அதற்கு மாற்றினேன். வெறுமையான பழைய பதிவு அதன்பின் தடையின்றி நீங்கிற்று.

ஊரினது பெயர் எக்கிழமை என்பதில் மட்டும் எனக்குத் தெளிவில்லை. இப்போதைக்குக் காஸ்கேட் என்றே வைத்திருக்கிறேன். மாற்றுக்கருத்துடையோர் எழுதுக.