நான் கேட்கத் தவறிய கேள்வி

தியானப் பகுதி: மாற்கு 9:14-29



கடந்த ஞாயிறு ஆராதனை முடிந்து வாசலில் நின்றுகொண்டிருந்தபோது, நம் வாலிபர் ஒருவர் என்னை ஓரமாய் அழைத்து ஒரு கேள்வி கேட்டார். "ஐயா, ஒருவருக்கு வந்திருப்பது வியாதியா, அசுத்த ஆவியின் பிடியா என்று எப்படி அறிவது?" பலர் காத்திருந்தபடியால், "வாரத் தியானத்தில் எழுதுகிறேன், தம்பி" என்று சொல்லி அனுப்பினேன். அந்தக் கேள்விக்குரிய விடையை நான் கற்றது என் தவறு ஒன்றின் மூலமாகவே. சம்பந்தப்பட்ட குடும்பத்தாரின் சம்மதத்தோடு, அவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விலக்கி, அதை உங்கள் முன் வைக்கிறேன்.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் நான் வேறோர் ஊரில் ஊழியம் செய்துவந்தேன். ஒரு புதன்கிழமை இரவு பத்து மணிக்கு மேல் குருமனையின் கதவு தட்டப்பட்டது. திறந்தால், வாசலில் ஆட்டோ. உள்ளே எங்கள் பாடகர் குழுவில் பாடிவந்த 19 வயது மகள். இருபுறமும் அவளைப் பிடித்தபடி தாயும் தகப்பனும். மூன்று இரவுகளாய் அவள் உறங்கவில்லை என்றார்கள். முதல் நாள் ஓயாமல் பேசினாளாம்; சுவருக்குள்ளிருந்து யாரோ தன்னைக் கூப்பிடுவதாகச் சொன்னாளாம். இப்போதோ பேச்சு அடங்கிவிட்டிருந்தது. எதையோ மெல்லுவதுபோல வாய் அசைந்துகொண்டிருந்தது. நாக்கு வெளியே வந்து வந்து போயிற்று. ஒரு கை காற்றில் வட்டமிட்டது. பெற்ற தாயை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை.

அந்த நாக்கையும் கையையும் பார்த்த மாத்திரத்தில் நான் முடிவுசெய்துவிட்டேன். அவ்விதமான அசைவுகளைப் பற்றி ஊழியர்கள் பலர் சாட்சியாகச் சொல்லக் கேட்டிருந்தேன். ஆகவே அந்தத் தாயிடம் நான் கேட்ட முதல் கேள்வி இது: "வீட்டில் கர்த்தருக்குப் பிரியமில்லாத காரியம் ஏதாவது நடந்ததா, அம்மா?"

அவர் அழுதார். யோசித்து யோசித்து, கடைசியில் ஒன்றைக் கண்டெடுத்தார். கொடைவிழாவின்போது பக்கத்து வீட்டார் அன்போடு கொடுத்தனுப்பிய சாப்பாட்டை மகள் உண்டாள் என்றும், தான் தடுக்கவில்லை என்றும் சொன்னார். நான் மறுத்துப் பேசவில்லை. தலையை அசைத்தேன். அந்த ஒரு தலையசைப்பு என்ன செய்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

வியாழனும் வெள்ளியும் உபவாச ஜெபம் செய்தோம். மூப்பர்கள் வந்தார்கள், பெண்கள் ஐக்கியத்தார் வந்தார்கள். எங்கள் ஜெபம் உண்மையானது. அதைக் குறித்து எனக்கு இன்றும் ஐயமில்லை. வெள்ளி மாலை ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் வந்தார். சபையார் அனைவரும் அவரைச் சிஸ்டரம்மா என்றே அழைப்போம். அவர் மகளின் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார், நெற்றியில் கைவைத்தார். பிறகு தாயின் பக்கம் திரும்பி, "இது தொடங்குமுன் காய்ச்சல் இருந்ததா? தலைவலி என்றாளா? எத்தனை நாள் இருக்கும்?" என்று கேட்டார்.

ஒரு வாரத்துக்கு முன் காய்ச்சலும் கடுமையான தலைவலியும் இருந்ததாகவும், கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்ததாகவும் தாய் சொன்னார். இரண்டு நாள் அந்த அறையில் இருந்த எங்களில் ஒருவரும் இதைக் கேட்கவில்லை.

சிஸ்டரம்மா என்னிடம், "ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டு ஜெபிப்போம், ஐயா" என்றார். மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே வலிப்பு வந்தது.

அங்கும் வழி உடனே திறக்கவில்லை. தலையை ஸ்கேன் செய்தார்கள். குறை ஒன்றும் தெரியவில்லை. இரத்தப் பரிசோதனைகளிலும் காரணம் அகப்படவில்லை. மனநோயாக இருக்கலாம் என்று கருதி அதற்குரிய மருந்துகளைக் கொடுத்தார்கள். அவள் உடல் விறைத்தது. நான்கு நாள்களுக்குப் பின் பெரிய நகரத்து மருத்துவமனை ஒன்றுக்கு மாற்றினார்கள். அங்கே நரம்பியல் மருத்துவர் ஒருவர் தாயையும் தகப்பனையும் உட்காரவைத்து, முதல் நாள் தொடங்கி நடந்தவற்றை வரிசையாகச் சொல்லச் சொன்னார். அதன்பின் முதுகுத் தண்டிலிருந்து நீர் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். சில நாள்களில் விடை வந்தது. ஆன்டி என்எம்டிஏ ஏற்பி மூளை அழற்சி என்பது அந்நோயின் பெயர்.

அன்பானவர்களே, இந்நோயைப் பற்றி நீங்கள் சற்று அறிந்துகொள்வது நலம் என்பதால் விளக்கமாகவே எழுதுகிறேன். நம் உடலில் நோயை எதிர்த்துப் போராடும்படி வைக்கப்பட்டிருக்கிற எதிர்ப்பாற்றல், சிலருக்கு வழிதவறி, அவர்களுடைய மூளையையே தாக்குகிறது. நினைவுக்கும் நடத்தைக்கும் தேவையான என்எம்டிஏ என்னும் ஏற்பிகள்தாம் அதன் இலக்கு. பெரும்பாலும் இளம்பெண்களுக்கே வருகிறது. ஆண்களுக்கும் சிறுபிள்ளைகளுக்கும்கூட வருவதுண்டு. முதலில் சாதாரணக் காய்ச்சலும் தலைவலியும். பிறகு உறக்கமின்மை, பயம், இல்லாத குரல்கள். பிறகு வலிப்பு, முகத்திலும் கைகளிலும் விநோதமான அசைவுகள், பேச்சிழப்பு. முற்றினால் மூச்சும் தடுமாறும். பெண்களில் சிலருக்கு இதன் வேர் சினைப்பையில் இருக்கிறது. அங்கே டெரட்டோமா என்னும் கட்டி வளர்கிறது. அதற்குள் முடியும் பல்லும், நரம்புத் திசுவும்கூட இருப்பதுண்டு. அந்த நரம்புத் திசுவை அந்நியமென்று எண்ணித் தாக்கப் புறப்படும் எதிர்ப்பொருள்கள், அதே ஏற்பிகள் மூளையிலும் இருப்பதால் அங்கும் தாக்குகின்றன. எங்கள் மகளுக்கும் அப்படியொரு சிறு கட்டி இருந்தது.

தலையில் தோன்றும் குழப்பத்துக்கு அடிவயிற்றில் காரணம் தேட யாருக்குத் தோன்றும்? அதனால்தான் முதலில் பார்த்த மருத்துவர்களை நான் குறைசொல்லவில்லை. இந்நோயாளிகளில் பலருக்குத் தலை ஸ்கேன் இயல்பாகவே இருக்கும். மேலும், இந்நோயின் காரணமே 2007ஆம் ஆண்டில்தான் தெளிவாயிற்று. ஜோசப் டால்மாவ் என்னும் நரம்பியல் மருத்துவரும் அவருடைய குழுவினரும் 12 பெண்களின் நோயை ஆராய்ந்து அந்த எதிர்ப்பொருளை அடையாளம் கண்டார்கள். நான் இறையியல் கல்லூரியில் படித்த நாள்களில் இதற்கு ஒரு பெயர்கூட இருந்ததில்லை.

2009ஆம் ஆண்டில் நியூயார்க் நகரத்தில் சூசன்னா கஹாலன் என்னும் 24 வயதுப் பத்திரிகையாளர் இதே நோயில் விழுந்தார். மிகுதியாகக் குடிப்பதால் வந்தது என்று ஒரு மருத்துவர் சொன்னார்; மனநோய் என்று வேறு சிலர் கருதினார்கள். சுஹேல் நஜார் என்னும் மருத்துவர் வந்து, அவரிடம் ஒரு தாளைக் கொடுத்து, கடிகாரம் ஒன்றை வரைந்து எண்களை எழுதச் சொன்னார். சூசன்னா வட்டம் வரைந்தார். 12 எண்களையும் வலப்பக்கத்திலேயே நெருக்கி எழுதினார். இடப்பக்கம் வெறுமையாய்க் கிடந்தது. மூளையின் வலப்பாதியில் அழற்சி இருக்கிறது என்பதை அந்த மருத்துவர் அந்தப் படத்திலிருந்து ஊகித்தார். விலையுயர்ந்த கருவிகள் சொல்லாததை ஒரு தாளும் பேனாவும் சொல்லின. சூசன்னா சுகமடைந்து, 2012இல் தன் அனுபவத்தைப் புத்தகமாக வெளியிட்டார்.

இன்னொன்றையும் கேளுங்கள். பெர்லின் விலங்குக் காட்சிசாலையில் நூட் என்ற பனிக்கரடி இருந்தது. 2011ஆம் ஆண்டில், தன் நான்காம் வயதில், பார்வையாளர்களின் கண்முன்னே வலிப்பு வந்து, தண்ணீரில் விழுந்து மூழ்கி இறந்தது. மூளையில் அழற்சி இருந்தது தெரிந்தது, காரணம் தெரியவில்லை. பாதுகாத்து வைத்திருந்த மாதிரிகளை மறுபடியும் ஆராய்ந்தவர்கள், இதே எதிர்ப்பொருள் நோய்தான் என்று 2015இல் அறிவித்தார்கள்.

இந்தச் செய்தியை வாசித்த அன்று நான் வெகுநேரம் மேசையைவிட்டு எழவில்லை. அந்தக் கரடி எந்த வீட்டுச் சாப்பாட்டை உண்டது? அதன் தாய் எந்தப் பாவத்தை அறிக்கையிடவேண்டும்? பிறவிக் குருடனைக் கண்ட சீஷர்கள், பாவஞ்செய்தவன் இவனா, இவனைப் பெற்றவர்களா என்று ஆண்டவரிடம் கேட்டதை யோவான் ஒன்பதாம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். ஆண்டவர் இரண்டையும் மறுத்தார். அந்த அதிகாரத்தை எத்தனையோ முறை பிரசங்கித்த நான், என் வீட்டு வாசலில் அந்தச் சீஷர்களின் கேள்வியையே திரும்பக் கேட்டிருந்தேன்.

இப்போது நம் தியானப் பகுதிக்கு வாருங்கள். தகப்பன் ஒருவர் வலிப்பினால் துன்புறும் மகனை ஆண்டவரிடம் கொண்டுவருகிறார். பிள்ளை தரையில் விழுந்து நுரைதள்ளிப் புரளுகிறான். சுற்றிலும் கூட்டம். அந்த வேளையில் ஆண்டவர் தகப்பனிடம், இது இவனுக்கு உண்டாகி எவ்வளவு காலமாயிற்று என்று விசாரிக்கிறார். தகப்பன் சிறுவயதுமுதல் நடந்தவற்றைச் சொல்லுகிறார்; தீயிலும் தண்ணீரிலும் மகன் விழுந்ததையெல்லாம் சொல்லுகிறார். ஆண்டவர் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். இந்த வசனத்தைக் கிரேக்க மொழியில் சொல் சொல்லாகப் படித்துத் தேர்வெழுதியவன் நான். எல்லாவற்றையும் அறிந்தவர் ஏன் கேட்டார் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. ஒரு நல்ல மருத்துவர் நோயாளியின் வீட்டாரிடம் முதலாவது கேட்பதும் இதுவே. சிஸ்டரம்மா கேட்டதும் இதுவே.

அந்தப் பகுதியில் சுவிசேஷகர் அசுத்த ஆவியைக் குறித்துத்தானே எழுதியிருக்கிறார் என்று நீங்கள் கேட்கலாம். ஆம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் மத்தேயு நான்காம் அதிகாரத்தில், ஆண்டவரிடம் கொண்டுவரப்பட்டவர்களின் வரிசையைப் பாருங்கள். பிசாசு பிடித்தவர்களும் சந்திரரோகிகளும் திமிர்வாதக்காரரும் அங்கே தனித்தனியாகச் சொல்லப்பட்டிருக்கிறார்கள். வேதமே வேறுபடுத்திக் காட்டுவதை, நாம் அவசரத்தில் ஒன்றாக்கிவிடக் கூடாது. பகுத்தறிய எனக்கு வரம் இருக்கிறது என்று எண்ணுகிறவன், முதலில் கேட்டறியும் பொறுமை தனக்கு இருக்கிறதா என்று தன்னைச் சோதிக்கட்டும். இதை எனக்கே சொல்லிக்கொள்கிறேன்.

எங்கள் மகளுக்கு அறுவை செய்து கட்டியை அகற்றினார்கள். ஸ்டீராய்டு மருந்தும் இம்யூனோகுளோபுலினும் கொடுத்தார்கள். ஐந்து வாரம் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தாள். அதில் பாதி நாள் செயற்கைச் சுவாசத்தில். நடக்கவும் எழுதவும் திரும்பக் கற்றுக்கொள்ள மாதங்கள் ஆயின. 2013இல் வெளிவந்த, 577 நோயாளிகளைப் பற்றிய ஆய்வு ஒன்றில், இரண்டு ஆண்டுகள் கவனிக்கப்பட்டவர்களில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பேர் நன்றாகத் தேறியிருந்தார்கள் என்று கண்டேன். சிகிச்சை சீக்கிரம் தொடங்கியவர்கள் மேலும் நன்றாகத் தேறினார்கள் என்றும் அதில் இருந்தது. குருமனையில் கழிந்த அந்த இரண்டு நாள்கள் என் கண்முன் வந்து நின்றன. அவள் சுகமானாள், படிப்பையும் முடித்தாள். நோயுற்ற நாள்களில் நடந்த எதுவும் அவள் நினைவில் இல்லை.

ஆனால் தாயின் நினைவில் இருந்தது. மகள் வீடு திரும்பிப் பல மாதங்களுக்குப் பிறகு அவர்களைப் பார்க்கப் போனேன். பக்கத்து வீட்டாரோடு இப்போது பேசுவதில்லை என்று தகப்பன் சொன்னார். ஏன் என்றேன். தாய் தலைகுனிந்திருந்தார். மருத்துவர்கள் காரணத்தை விளக்கிய பிறகும், தான் தடுக்காத அந்தச் சாப்பாடுதான் மகளைப் படுக்கையில் தள்ளியது என்று அவர் ஒவ்வோர் இரவும் எண்ணி அழுதிருக்கிறார். என் ஒரு தலையசைப்பின் பலன் அது. கட்டியை அகற்ற மருத்துவர்கள் இருந்தார்கள்; நான் வைத்த பாரத்தை நான்தானே அகற்றவேண்டும்? அங்கேயே அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "அம்மா, அது உங்கள் தவறன்று. அன்றைக்கு நான் கேட்டது தவறான கேள்வி" என்றேன்.

அவர் உடனே பதில் சொல்லவில்லை. உள்ளே போய்க் காப்பி கொண்டுவந்து வைத்தார். நான் புறப்படும்போது வாசல்வரை வந்து, "ஐயா, இனிமேல் யாராவது பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தால், முதலில் காய்ச்சல் இருந்ததா என்று கேளுங்கள்" என்றார். மறுவாரம் அவர் பக்கத்து வீட்டுக்குப் பலகாரம் கொடுத்தனுப்பினார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

ஆகவே, தம்பி, உம் கேள்விக்கு என் விடை இது. ஒருவருடைய நடத்தை திடீரென்று மாறினால், அதிலும் காய்ச்சலோ வலிப்போ உறக்கமின்மையோ சேர்ந்திருந்தால், தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். நடந்தவற்றை நாள்வாரியாக ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுங்கள். முதல் மருத்துவருக்குப் புரியவில்லையென்றால் சோர்ந்துபோகாமல் இன்னொருவரிடம் காட்டுங்கள். வழியெல்லாம் ஜெபியுங்கள், என்னையும் அழையுங்கள், எந்நேரமானாலும் வருவேன். எல்லாருக்கும் சுகம் கிடைப்பதில்லை என்பதையும் அறிவேன். அப்படிப்பட்ட வீடுகளிலும் அமர்ந்திருக்கிறேன். எவ்வீடானாலும், துன்பப்படுகிறவரின் தாயிடம் காரணம் கேட்டு விரல் நீட்டாதிருப்போம்.

ஜெபம்: இரக்கமுள்ள ஆண்டவரே, கேட்டறியாமல் தீர்ப்புச் சொன்ன எங்கள் அவசரத்தை மன்னியும். பெயர் தெரியாத நோய்களோடு போராடுகிறவர்களையும், விடை தேடி உறக்கமிழக்கும் மருத்துவர்களையும் செவிலியர்களையும் தாங்கியருளும். குற்றமில்லாமல் குற்றவுணர்வைச் சுமக்கிற தாய்மாருக்குச் சமாதானம் தாரும். இயேசுவின் நாமத்தில் வேண்டுகிறோம். ஆமென்.