மகன் வீட்டு நுரைக் கோப்பை

2022 செப்டம்பரில் லண்டன் போய், ஹரோவில் இருக்கும் மகன் வீட்டில் ஆறு மாதம் தங்கியிருந்தேன். போன முதல் இரவே தூக்கம் வரவில்லை. நான் படுத்த அறைக்கும் ஹோலுக்கும் நடுவே ஒரு மெல்லிய சுவர்தான். அதற்கு அப்பாலிருந்து விடிய விடிய ஒரு சத்தம். கேத்தல் கொதிப்பதற்கு முன் முனகுமே, அப்படி.

எழுந்து போய்ப் பார்த்தேன். சுவரோரம் ஒரு பெரிய கண்ணாடித் தொட்டி. உள்ளே கல்லும் மணலும், கல்லின் மேல் காளான் போல விரிந்த பவளங்களும், ஏழு மீன்களும். ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டி போட்ட மீன்கள் இரண்டு இருந்தன. பேருவளையில் பிறந்து கடலைப் பார்த்து வளர்ந்த எனக்கே, கடலின் உட்புறம் எப்படியிருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. சத்தம் தொட்டிக்குக் கீழேயுள்ள அலுமாரிக்குள்ளிருந்து வந்தது. கதவைத் திறந்தால் ஒரு குழாய் நிறைய வெள்ளை நுரை. குழாயின் தலையில் ஒரு கோப்பை. கோப்பையில் சாயம் போலக் கறுத்த தண்ணீர். முகர்ந்து பார்த்தது என் பிழை. அழுகிய கருவாடு தோற்றுப் போகும்.

அதற்குப் பெயர் புரோட்டீன் ஸ்கிம்மர் என்று மறுநாள் மகன் சொன்னான். அந்த வாரமே மருமகளும் என்னிடம் முறையிட்டாள்.

"மாமி, நீங்களாவது சொல்லுங்க. அந்த மெஷின் ராப்பகலா ஓடுது. கரண்ட் பில் ஏறிக்கொண்டே போகுது. அது இல்லாட்டி மீன் செத்தா போகும்?"

ஒக்டோபர் முதலாம் திகதி முதல் அங்கே மின்சாரம் யூனிட் ஒன்று 34 பென்ஸ் ஆகியிருந்தது. வீடுகளில் அடுப்பு மூட்டவே யோசித்த காலம். அவள் கேட்டது நியாயமான கேள்வி. ஆனாலும் ஒரு பக்கம் கேட்டுத் தீர்ப்புச் சொல்லக் கூடாதே! மகனிடம் கேட்டேன்.

அவன் சொன்ன விளக்கத்தை நான் சமையலறை வழியாகத்தான் விளங்கிக் கொண்டேன். இறைச்சி கொதிக்கும்போது மேலே நுரை திரள்கிறது. நாம் அகப்பையால் வழித்து ஊற்றி விடுகிறோம். வழிக்காவிட்டால் அது ஆணத்திலேயே கலந்துவிடும். ஸ்கிம்மர் செய்வதும் ஏறத்தாழ அதுதான், நெருப்பில்லாமல். மீனின் கழிவு, வழுவழுப்பு, மிஞ்சிய தீன் எல்லாம் தண்ணீரில் கரைகின்றன. குழாய்க்குள் மிக நுண்ணிய காற்றுக் குமிழிகளை விட்டால், கரைந்த அழுக்கில் ஒரு பகுதி குமிழியின் மேல் ஒட்டிக்கொண்டு ஏறி, நுரையாகிக் கோப்பையில் விழுகிறது. கடற்கரையில் அலை ஒதுக்கும் நுரையும் இதே வழியில் உண்டாவதுதான். உப்புத் தண்ணீரில் குமிழிகள் ஒன்றோடொன்று சேராமல் பொடிப்பொடியாக நிற்கும். நன்னீரில் சேர்ந்து பெரிதாகிவிடும். அதனால் சாதாரண மீன் தொட்டிக்கு இந்த இயந்திரம் அவ்வளவாக உதவாது.

வழிக்காமல் விட்டால் அந்த அழுக்கு அமோனியாவாகி, பிறகு நைட்ரைட்டாகி, கடைசியில் நைட்ரேட்டாக நிற்கும். நைட்ரேட் ஆன பிறகு ஸ்கிம்மரால் அதை எடுக்க முடியாது. தண்ணீரை மாற்றத்தான் வேண்டும்.

"அப்படியென்றால் இது இல்லாமல் முடியவே முடியாதா மகன்?"

"முடியும் உம்மா. அதுலதான் எல்லாரும் சண்டை பிடிக்கிறாங்க" என்று சிரித்தான்.

1961ஆம் ஆண்டிலேயே இந்தோனேசியாவில் லீ சின் எங் என்பவர், கடலிலிருந்து எடுத்த உயிருள்ள கல்லையும் கொஞ்சம் காற்றையும் மட்டும் வைத்துத் தொட்டி வளர்த்த விதத்தை எழுதியிருக்கிறாராம். பிறகு மொனாக்கோவில் ஜோபேர் என்ற விஞ்ஞானி, தடித்த மணல் படுக்கையின் அடியில் வாழும் கிருமிகளையே கழிவை முறிக்க வைத்தார். ஜேர்மனியில் பெர்லின் முறைக்காரர்கள் கல்லோடு பலமான ஸ்கிம்மரையும் சேர்த்தார்கள். சின்னத் தொட்டி, மீன் ஒன்றிரண்டு, வாரா வாரம் தண்ணீர் மாற்றச் சோம்பாத கை இருந்தால் ஸ்கிம்மர் தேவையில்லை. தண்ணீர் அளவுக்கு மிஞ்சிச் சுத்தமானால் பவளம் வெளிறிப் போவதும் உண்டாம். மகனுடையது 250 லீட்டர் தொட்டி. வாரம் 25 லீட்டர் மாற்றுகிறான். அதற்கே ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக உப்பு வேண்டும். அதுவும் பெட்டியில் விற்கும் விலையான உப்பு.

பில் விஷயத்தை நானே கடித உறையின் பின்பக்கத்தில் கணக்குப் பார்த்தேன். ஸ்கிம்மரின் மோட்டர் 15 வொட். நாள் முழுக்க ஓடினாலும் மாதம் 11 யூனிட் வராது. நான்கு பவுணுக்கும் குறைவு. தண்ணீரைச் சூடாக வைத்திருக்கும் ஹீட்டரோ 200 வொட். நாளில் பாதி நேரம் ஓடினாலே மாதம் 72 யூனிட், 24 பவுணுக்கு மேல். கேஸை மிச்சம் பிடிக்க வீட்டைக் குளிர விட்டிருந்தார்கள். வீடு குளிரக் குளிர ஹீட்டருக்கு வேலை கூடும். சத்தம் போடுகிறவன் மேல் பழி, சத்தமில்லாதவன் தப்பித்துக் கொள்கிறான். நமது குடும்பங்களிலும் இது நடப்பதுதானே சகோதரிகளே!

உறையை மருமகளிடம் காட்டினேன். பார்த்துவிட்டுப் பேசாமல் நின்றாள். பிறகுதான் உள்ளே இருந்தது வெளியே வந்தது.

"பில்லுக்காக மட்டும் இல்ல மாமி. வேல விட்டு வந்தா அதுக்கு முன்னாலதான் இருக்கார். என்னோடயும் பிள்ளைகளோடயும் கதைக்கிற இல்ல. மாமா மவுத்தானதுக்குப் பிறகு இப்படித்தான்."

என் கணவர் 2020 ஜூலையில் காலமானார். விமான நிலையம் மூடியிருந்த நேரம். மகனால் வர முடியவில்லை. ஜனாஸாவைக் கைத்தொலைபேசியில்தான் பார்த்தான். அந்தக் குளிர்காலத்தில்தான் தொட்டியை வாங்கியிருக்கிறான். எனக்கு இதெல்லாம் அன்றுவரை தெரியாது. தொலைபேசியில் எப்போதும் "நல்லா இருக்கிறேன் உம்மா" என்பான்.

நவம்பரில் அவனே ஒரு சமாதானத்துக்கு வந்தான். ஆறு வாரம் ஸ்கிம்மரை நிறுத்திப் பார்ப்பது, மீனுக்குத் தீனைப் பாதியாக்குவது, நைட்ரேட்டை வாரம் ஒரு முறை அளப்பது. தொடங்கும்போது லீட்டருக்கு 10 மில்லிகிராம். நான் நன்றாகத் தூங்கினேன். மருமகளுக்கும் சந்தோஷம். ஆனால் மூன்றாம் வாரம் 20, ஐந்தாம் வாரம் 40. தண்ணீரில் லேசான மஞ்சள். கண்ணாடியில் பாசி. தீனைப் பாதியாக்கியும் ஏன் ஏறுகிறது என்று அவன் தலையைச் சொறிந்தான்.

டிசம்பர் நடுப்பகுதியில் கடும் குளிர். ஜன்னல் எல்லாம் இறுக்கிச் சாத்தியிருந்தது. ஒரு காலை சுபஹுக்கு எழுந்தவள் பார்க்கிறேன், மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. பட்டி போட்ட மீனில் ஒன்று அடியில் சாய்ந்து கிடந்தது. மகனை எழுப்பினேன். ஓடி வந்து ஸ்கிம்மரைப் போட்டான். அது அழுக்கை எடுப்பதோடு தண்ணீருக்குக் காற்றும் ஊட்டும். அதை நிறுத்தும்போது வேறு வழியில் காற்றுக் கொடுக்க மறந்துவிட்டோம். மற்றவை தப்பின. அந்த ஒன்று தப்பவில்லை.

அவன் செத்த மீனைக் கையில் வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தான். ஒரு வார்த்தை இல்லை. எனக்கு மனம் பொறுக்கவில்லை. சொல்லிவிட்டேன்.

"மகன், பிழை என்னுடையது. பகலில் நீங்கள் வேலைக்குப் போன பிறகு நானும் பேத்தியும் தீன் போட்டோம். கண்ணாடிக்குக் கிட்ட வந்து வாயைக் காட்டினால் எப்படிப் போடாமல் இருப்பது?"

ஒரு நாளைக்கு எத்தனை தரம் என்று கேட்டான். மூன்று, சில நாள் நான்கு என்றேன். பேத்தி கதவுக்குப் பின்னால் ஒளிந்து கொண்டாள். ஏசப் போகிறான் என்று நினைத்தேன். அவன் என்னையே பார்த்தான்.

"வாப்பாவும் இப்படித்தானே உம்மா. பூனைக்குச் சோறு வைக்காதீங்கன்னு நீங்க ஏசுவீங்க. அவர் சாரத்துக்குள்ள மீன் துண்ட மறைச்சுக்கொண்டு பின்பக்கம் போவார்."

சொல்லிவிட்டுச் சிரித்தான். சிரிப்பு அழுகையாகிவிட்டது. மருமகள் மாடியிலிருந்து இறங்கி வந்து, ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்தாள். அன்று அவன் வேலைக்கே போகவில்லை. வாப்பாவைப் பற்றி மத்தியானம் வரை கதைத்தான். எனக்கே தெரியாத கதைகள் எல்லாம் அவனிடம் இருந்தன.

ஸ்கிம்மர் திரும்ப ஓடியது. முதல் கிழமை கோப்பை இரண்டு நாளில் நிரம்பியது. தீன் டப்பாவை உயரத் தட்டில் வைத்தார்கள். எனக்கும் பேத்திக்கும் ஒரு நேரம் மட்டும் அனுமதி. தொட்டிக்கு இன்னும் மீன் வாங்குவதில்லை என்றும் முடிவு. அலுமாரிக் கதவின் உட்பக்கம் ஸ்பொஞ்ச் ஒட்டியதில் சத்தமும் பாதியானது. இதைச் சொன்னது மருமகள்தான். இரண்டு வருடமாக அவளிடம் யாரும் யோசனை கேட்கவில்லை.

2023 ஓகஸ்டில் மகன் மூன்று வாரம் பேருவளைக்கு வந்தான். வந்த அன்றே மையவாடிக்குப் போனான். அந்த மூன்று வாரமும் கோப்பையைக் கழுவியது மருமகள். நாலாம் நாள் எனக்கு ஒரு படம் அனுப்பியிருந்தாள். கையுறை போட்ட கை, கறுத்த தண்ணீர் நிறைந்த கோப்பை. கீழே குரல் பதிவு: "மாமி, இந்த நாத்தத்த எப்படித்தான் பொறுத்தீங்க? உங்கட மகன்ட சொல்லுங்க, மீன் ஆறும் சுகம்."