ஓராண்டுச் சான்றிதழ்: எந்தப் பாடம், எத்தனை பாடம்?

அமெரிக்காவில், ஒருசில கூட்டுப் படிப்புகளைத் தவிர்த்தால், பிளஸ் டூ முடித்த கையோடு மருத்துவம் சேரும் வழி கிடையாது. நான்கு ஆண்டு இளங்கலை, எம்கேட் தேர்வு என்று எல்லாவற்றையும் தாண்டித்தான் ஒரு மாணவர் மருத்துவப் பள்ளியில் சேர முடியும். 2023 சேர்க்கைக்கு எம்.டி. பள்ளிகளில் விண்ணப்பித்தவர்கள் 52 ஆயிரத்துக்கும் மேல். இடம் பிடித்தவர்கள் ஏறக்குறைய 23 ஆயிரம். அவர்களுடைய சராசரி ஜி.பி.ஏ. 3.77. இளங்கலையில் 3.1, 3.2 என்று நின்றுவிட்ட, ஆனாலும் மருத்துவத்தை விட மனம் வராத பிள்ளைகளுக்கு ஒரு மறுவாய்ப்பாகப் பல பல்கலைக்கழகங்கள் ஓராண்டு முதுநிலைச் சான்றிதழ்ப் படிப்பு நடத்துகின்றன. ரிச்மண்டில் வர்ஜீனியா காமன்வெல்த் பல்கலைக்கழகம் நடத்துவது அந்த வகை. ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகம் 1970-களிலிருந்து நடத்திவரும் சிறப்பு முதுகலைப் படிப்புக்கும் நோக்கம் இதுவே. இப்படிச் சேர்கிறவர்களுக்குப் பாடம் தேர்ந்தெடுக்க வழிகாட்டுவது என் வேலை. அந்த வேலையில் நான் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான்: உடலியங்கியலையும் உயிர்வேதியியலையும் நடுவில் வையுங்கள், மற்றவற்றைக் குறையுங்கள், எடுத்ததில் ஏ கிரேடு வாங்குங்கள். முழுநேர மாணவராக இருக்கத் தேவையான கிரெடிட்டுக்கு மேல் ஒரு பாடம்கூட வேண்டாம்.

இதற்கான காரணம் ஒரு கணக்கில் இருக்கிறது. பெரும்பாலான எம்.டி. பள்ளிகளின் பொது விண்ணப்பமான ஆம்காஸ், இளங்கலை மதிப்பெண்ணையும் முதுநிலை மதிப்பெண்ணையும் தனித்தனி வரிகளில் காட்டும். இளங்கலையில் 120 கிரெடிட் முடித்து 3.1 வைத்திருக்கும் மாணவர், பட்டத்துக்குப் பிறகு இளங்கலை நிலையிலேயே இன்னும் 30 கிரெடிட் எடுத்து அத்தனையிலும் 4.0 வாங்கினாலும் மொத்தம் 3.28-க்குத்தான் வரும். முதுநிலைப் பாடங்களாக எடுத்தால் அதுவும் இல்லை, 3.1 என்பது 3.1 ஆகவே நிற்கும், பக்கத்தில் புதிய வரி ஒன்று முளைக்கும். பழைய பாடத்தைத் திரும்ப எடுத்தாலும் முதல் மதிப்பெண் அழியாது, இரண்டும் சேர்ந்தே கணக்காகும். ஆக, இந்த ஓராண்டு பழைய எண்ணைத் திருத்தித் தராது. அன்று 3.1 வாங்கியவர் இன்று வேறொரு மாணவர் என்று சாட்சி சொல்வதுதான் அதனால் ஆகக்கூடியது. சேர்க்கைக் குழு மதிக்கும் பாடத்திலிருந்து வந்தால்தான் அந்தச் சாட்சி எடுபடும். எத்தனை கிரெடிட் என்பதைவிட எந்தப் பாடம் என்பது முக்கியமாவது இதனால்தான்.

உடலியங்கியலுக்கு ஏன் இவ்வளவு மரியாதை? ஒரு கேள்வியைப் பாருங்கள். ஒருவர் இரண்டு மூன்று நாட்களாக ஓயாமல் வாந்தி எடுக்கிறார். அவருடைய ரத்தத்தின் பி.எச். எப்படி இருக்கும், சிறுநீரின் பி.எச். எப்படி இருக்கும்? இரைப்பையிலிருந்து ஹைட்ரோகுளோரிக் அமிலம் வெளியேறுகிறது, பைகார்பனேட் ரத்தத்தில் மிஞ்சுகிறது, ரத்தம் காரத்தன்மை அடைகிறது. இதுவரை யாரும் சொல்லிவிடுவார்கள். அப்படியானால் சிறுநீரும் காரமாக இருக்க வேண்டுமே என்று மனப்பாடம் செய்தவர் எழுதுவார். முதலில் அப்படித்தான் இருக்கும். ஆனால் நீரும் குளோரைடும் குறையக் குறைய, ரத்த அளவைக் காப்பாற்றுவது சிறுநீரகத்துக்கு அவசர வேலையாகிவிடுகிறது. ஆல்டோஸ்டிரோன் கூடுகிறது, சோடியத்தைப் பிடித்து வைக்க வேண்டி பொட்டாசியத்தையும் ஹைட்ரஜன் அயனியையும் சிறுநீரகம் வெளியே தள்ளுகிறது. ரத்தம் காரமாக இருக்கும்போதே சிறுநீர் அமிலமாகிறது. இந்த விடைக்கு வர ஹெண்டர்சன்–ஹாசல்பால்க் சமன்பாடு வேண்டும், சிறுநீரகக் குழலில் எது எங்கே உள்ளே வருகிறது, எங்கே வெளியே போகிறது என்பது தெரிய வேண்டும், ஹார்மோன் தெரிய வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கையில் பிடித்து, உடல் எதற்கு முன்னுரிமை தருகிறது என்று யோசிக்க வேண்டும். மருத்துவப் பள்ளியின் முதலாண்டு கேட்பது இந்த யோசனையைத்தான். இதில் ஏ வாங்கியவரைப் பற்றிச் சேர்க்கைக் குழுவுக்குத் தனியாக விளக்கம் எழுத வேண்டியதில்லை.

இதற்கு வரும் முதல் மறுப்பு நியாயமானது. கடினமான பாடத்தில் பி வந்துவிட்டால்? முதுநிலையில் பி என்பது பெரும்பாலும் தொடர்ந்து படிக்க அனுமதிக்கும் குறைந்தபட்ச அளவு. அதை யாரும் சாதனையாகப் படிப்பதில்லை. அதனால் மருத்துவக் கலைச்சொற்கள், பொதுச் சுகாதார அறிமுகம் என்று எளிய பாடங்களாக அடுக்கி 4.0 காட்டலாமே என்று மாணவர்கள் கேட்கிறார்கள். அந்தப் பாடங்களில் குறை ஒன்றும் இல்லை. பொதுச் சுகாதாரம் எனக்குப் பிடித்த துறையும்கூட. ஆனால் கேள்விக்குறியில் இருப்பது இந்த மாணவரின் அறிவியல். வேதியியலில் சி வாங்கியவர் கலைச்சொற்களில் ஏ வாங்கினால் குழுவின் சந்தேகம் அப்படியே இருக்கும். பி வந்துவிடுமோ என்ற பயத்துக்கு மருந்து, கடினமான பாடத்தைத் தவிர்ப்பதில் இல்லை. அதனுடன் எடுக்கும் மற்ற பாடங்களைக் குறைப்பதில் இருக்கிறது. முதல் செமஸ்டரில் உடலியங்கியலும் உயிர்வேதியியலும், கூட ஒரு சிறிய கருத்தரங்கப் பாடமும் போதும். திசுவியலையும் நோயெதிர்ப்பியலையும் மருந்தியலையும் இரண்டாம் செமஸ்டருக்குத் தள்ளலாம். உடலியங்கியல் தெரிந்த பிறகு மருந்தியல் பாதி எளிது.

இன்னொரு மறுப்பு இதற்கு நேர் எதிர்த் திசையிலிருந்து வருகிறது. மருத்துவப் பள்ளியில் பாரம் அதிகம், அதைத் தாங்குவேன் என்று காட்ட வேண்டாமா, நான்கு அறிவியல் பாடங்களை ஒன்றாக எடுத்தால்தானே தெரியும் என்பார்கள். முழுநேரப் பாரம் வேண்டும் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். பகுதி நேரமாக, ஒவ்வொன்றாக எடுத்து வாங்கிய ஏ-க்களுக்கு எடை குறைவு. அதற்கு மேல் ஏற்றும் ஒவ்வொரு கிரெடிட்டும் ஆதாயம் குறைந்தது, ஆபத்து கூடியது. அதைவிட மோசம், அதே முதல் செமஸ்டரில் எம்கேட்டுக்கும் படிப்பது. ஏழரை மணி நேரம் நாற்காலியில் உட்கார வைக்கும் தேர்வு அது. 472-இலிருந்து 528 வரை மதிப்பெண். 2015-இல் அதை மாற்றியமைத்தபோது உயிர்வேதியியலைச் சேர்த்தார்கள். இரண்டு அறிவியல் பிரிவுகளில் தலா கால் பங்கு அதிலிருந்து வருகிறது. எனவே உயிர்வேதியியலை முதலில் ஒழுங்காகப் படித்துவிட்டு, வகுப்பு இல்லாத மாதங்களில் எம்கேட் எழுதுவதே லாபம்.

பழைய பாடத்தைத் திரும்ப எடுப்பதா என்பது மதிப்பெண்ணைப் பொறுத்தது. கரிம வேதியியலில் டி இருந்தால் பல பள்ளிகள் அதை அடிப்படைத் தகுதியாகவே ஏற்காது. இளங்கலை நிலையில் அதை முடித்துவிட்டுத்தான் சான்றிதழ்ப் படிப்பு பற்றி யோசிக்க வேண்டும். சி இருந்தால் விட்டுவிட்டு, உயிர்வேதியியலில் ஏ வாங்குவது மேல். வரலாறோ கணக்கியலோ படித்துவிட்டு அறிவியலே எடுக்காதவர்களுக்கு இந்தச் சான்றிதழ் பொருந்தாது; அவர்களுக்கு வேண்டியது இளங்கலை அடிப்படைப் பாடங்களைத் தரும் போஸ்ட்-பேக்.

பாடம் சரியாக அமைந்தும் சறுக்குகிறவர்கள் உண்டு. காரணம் பெரும்பாலும் படிக்கும் முறை. கோடு போட்டு, நான்கு முறை வாசித்து, எல்லாம் தெரிந்ததுபோல ஒரு நிம்மதியுடன் தேர்வுக்குப் போவது இளங்கலையில் பழகிய முறை; அங்கே கைவிட்டதும் அதுதான். ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட சோதனை இதைத் தெளிவாகக் காட்டியது. ஒரு பகுதியைத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது முந்தினார்கள்: 81 சதவீதம், மூடிவைத்து எழுதிப் பார்த்தவர்களுக்கு 75. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ்: எழுதிப் பார்த்தவர்களுக்கு 56, திரும்ப வாசித்தவர்களுக்கு 42. அதனால் ஒவ்வொரு விரிவுரைக்கும் மறுநாள் வெற்றுத்தாளில் சிறுநீரகக் குழலை வரைந்து, அயனிகளைப் பார்க்காமல் குறித்துப் பழக வேண்டும். இதை முதல் வாரமே தொடங்க வேண்டும். நான்கு தேர்வுகள் உள்ள பாடத்தில் முதல் தேர்வில் 72 வாங்கியவர், 90 சராசரிக்கு மீதி மூன்றிலும் 96 வாங்க வேண்டும்.

இவ்வளவு பணம் கொட்டியும் இடம் உறுதியில்லையே என்று பெற்றோர் கேட்பதும் சரியான கேள்விதான். உறுதி இல்லை. சொந்த மருத்துவப் பள்ளியில் நேர்காணல் தருவதாகச் சொல்லும் படிப்புகள்கூட நேர்காணலைத்தான் தருகின்றன, இடத்தை அல்ல. பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இன்னொரு கவலையும் உண்டு: 21 வயதில் அந்த விசா முடிந்து மாணவர் விசாவுக்கு மாறியவர்களைப் பல மருத்துவப் பள்ளிகள் சேர்ப்பதே இல்லை. எவ்வளவு நல்ல மதிப்பெண்ணும் அதை மாற்றாது. ஆகவே கட்டணம் கட்டுவதற்கு முன் சில விவரங்களை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: நான் எடுக்கப்போகும் பாடங்கள் ஆம்காஸில் எந்த வரியில் வரும்? போன ஆண்டு சேர்ந்தவர்களில் எத்தனை பேர் சான்றிதழை முடித்தார்கள், முடித்தவர்களில் எத்தனை பேருக்கு இடம் கிடைத்தது? என் விசாவில் இருப்பவரை நான் விண்ணப்பிக்க நினைக்கும் பள்ளிகள் ஏற்குமா? பதில் சொல்லத் தயங்கும் இடத்தில் சேராதீர்கள்.