அவன் கை ஈரமாக இல்லை

ஓசூர் சிப்காட்டில் மெயின்டனன்ஸ் எலக்ட்ரீஷியன் நான். ஆலையில் ஒரு மோட்டாரை மாட்டுமுன் 500 வோல்ட் மெக்கர் வைத்து இன்சுலேஷன் பார்ப்பேன். எர்த் இல்லாத மெஷினில் யாரையும் கை வைக்க விடமாட்டேன். அதே நான்தான் வீட்டுக்குப் பின்னால் போட்ட தகர ஷெட்டுக்கு 1.5 ஸ்கொயர் ஒயரில் ஃபேஸும் நியூட்ரலும் மட்டும் இழுத்தேன். எர்த் இழுக்கவில்லை. மிச்சமானது சில நூறு ரூபாய்.

முதலில் ஒரு விளக்கும் ஃபேனும்தான். பிறகு கம்ப்ரசர் வந்தது, கிரைண்டர் வந்தது. ஓசூரில் ஏத்தர், போச்சம்பள்ளியில் ஓலா என்று மின்சார ஸ்கூட்டர் ஆலைகள் வந்த மாவட்டம் இது. எங்கள் வீட்டு ஸ்கூட்டருக்கும் அந்த ஷெட்டில்தான் சார்ஜ். எல்லாம் சேர்ந்து ஓடினால் 10 ஆம்பியர் எம்.சி.பி. விழுந்துவிடும். அதைக் கழற்றி 32 ஆம்பியர் போட்டேன். எம்.சி.பி. காப்பது ஒயரை. மின்னோட்டம் இரண்டு மடங்கானால் ஒயரில் சூடு நாலு மடங்கு. சாதாரண பி.வி.சி. உறைக்கு 70 டிகிரிதான் எல்லை. அதைத் தாண்டி நாள்கணக்கில் சூடேறினால் இறுகும், வெடிக்கும், கட்டிய இடத்தில் இளகி நசுங்கும். அப்ரண்டிஸ் பையன்களுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தவனே நான்தான்.

இரும்பு ஆங்கிளோடு இறுக்கிக் கட்டிய இடத்தில் உறை விட்டுப்போய் ஃபேஸ் இரும்பைத் தொட்டது. ஷெட்டுக்குச் சரியான எர்த் கொடுத்திருந்தால் அப்போதே எம்.சி.பி. விழுந்திருக்கலாம். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருந்திருந்தால் ஆள் தொட்ட கணமே லைன் கட்டாகியிருக்கும். இரண்டும் இல்லை. ஷெட் முழுக்க 230 வோல்ட் நின்றது. அண்ணன் மகன் வெறுங்காலோடு வந்து தூணைப் பிடித்தான். தூக்கி எறிந்தது. உயிர் பிழைத்தான், முழங்கை முறிந்தது.

ஓடி வந்த அண்ணனிடம், "ஈரக் கையோட ஸ்விட்சத் தொட்டுட்டாண்ணா" என்றேன். அவர் வலியில் கிடந்த பிள்ளையைத் திட்டினார். பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். மறுநாள் கருகிய ஒயரை யாருக்கும் தெரியாமல் உருவி எறிந்தேன். ஒயரிங் தப்பைவிட இந்தப் பொய்தான் என்னை உறங்கவிடவில்லை. இப்போது அண்ணனிடமும் அவனிடமும் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவன் கை ஈரமாக இல்லை.

உங்கள் ஷெட்டில் எம்.சி.பி. அடிக்கடி விழுந்தால் பெரிதாக மாற்றாதீர்கள். லோடைக் கூட்டிப் பாருங்கள், ஒயரை மாற்றுங்கள், எர்த் இழுங்கள். ஆர்.சி.சி.பி. இருந்தால் அதன் டெஸ்ட் பட்டனை இன்றே அழுத்திப் பாருங்கள்.