உள்ளே நின்ற காவலன்

எழுத்தைப் பற்றி ஓயாது பேசும் நாம், அவ்வெழுத்தைத் திரையில் வரைந்து தருவது எது என்று பெரும்பாலும் கேட்பதில்லை. ஆண்ட்ராய்டு கைப்பேசியிலும் லினக்ஸ் கணினியிலும் அப்பணியைச் செய்வது ஃப்ரீடைப் என்னும் கட்டற்ற நிரல் நூலகம். 2020 அக்டோபரில் அதில் ஒரு வழு திருத்தப்பட்டது. அத்திருத்தத்தை நண்பர்கள் சிலர் கூடி, சிறுகதை வாசிப்பதுபோல் வரிவரியாக வாசித்தோம்.

சில எழுத்துருக்கள் தம்முள் பிஎன்ஜி படங்களைச் சுமந்து வருகின்றன. படத்தின் அகலமும் உயரமும் 32 பிட் எண்களாக அதன் தலைப்பகுதியில் இருக்கும். ஃப்ரீடைப் அவற்றை 16 பிட் இடத்தில் குறித்துக்கொண்டது. அவ்விடத்தில் 65,535க்கு மேல் கொள்ளாது. 65,537 என்னும் அகலம் அங்கே வெறும் 1 ஆகிவிடும். சுருங்கிய அளவுக்கே நினைவகம் ஒதுக்கப்பட்டது. ஒவ்வொரு வரிசையின் தொடக்கத்தையும் காட்டும் சுட்டிகளும் அதே கணக்கில் வைக்கப்பட்டன. படத்தை விரிக்கும் லிப்பிஎன்ஜியோ மூல அளவையே நம்பி எழுதிச் சென்றது. 4 பைட்டுக்கு இடம் விட்ட வரிசையில் 2,62,148 பைட்டுகள் கொட்டினால் அண்டை வீடுகள் என்னாகும்?

வழுவைக் காட்டிலும் எங்களை வியக்க வைத்தது ஒன்றுண்டு. அளவு 32,767ஐ மிஞ்சினால் மறுக்கவேண்டும் என்ற சோதனை அந்நிரலில் முன்னரே இருந்தது. ஆனால் எண் சுருங்கிய பிறகே அது வந்தது. வாசலில் நிற்கவேண்டிய காவலன் கூடத்துக்குள் நின்றுகொண்டு, குள்ள வேடத்தில் வந்த பூதத்தைப் 'போகலாம்' என்று அனுப்பிவிட்டான். திருத்தியவர்கள் அச்சோதனையை முன்னே நகர்த்தி, மூல எண்ணையே கேட்கும்படி செய்தார்கள். திருத்தத்தின் சாரம் அவ்வளவே.

சிறிய பிழைதானே என்று கடந்துபோக இயலவில்லை. இணையப் பக்கம் தன் எழுத்துருவையும் உடன் கொண்டுவரும். குரோம் உலாவியைத் தாக்க இவ்வழு அப்போதே பயன்படுத்தப்பட்டு வந்தது. கூகுளின் ப்ராஜெக்ட் ஜீரோ குழுவைச் சேர்ந்த ஒருவர் அக்டோபர் 19 அன்று இதைத் தெரிவித்தார். மறுநாளே ஃப்ரீடைப் 2.10.4 வெளிவந்தது, குரோமும் புதுப்பிக்கப்பட்டது.

'மட்டும்' என்னும் சொல்லை ஒரு வாக்கியத்தில் இடம் மாற்றி வைத்தால் பொருளே திரும்பிவிடும் என்பதை எழுதுகிறவர்கள் அறிவோம். நிரலிலும் அப்படியொரு வாக்கிய அமைதி உண்டென்பதை அன்று கண்டோம். அதன்பின் எங்களில் யாருடைய கதையைத் திருத்த உட்கார்ந்தாலும், எந்த வரியை வெட்டலாம் என்பதற்கு முன்னால், எந்த வரி இடம் பிந்தி நிற்கிறது என்றே முதலில் தேடுகிறோம்.